எண்கள் நிறைந்த கடல்

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், மாலுமியில்லாமல் பாய்மரப் படகை மட்டும் வாடகைக்கு எடுத்து முதன்முறை தாமே செலுத்தப் போகிறவர்களுக்கு, முதல் இன்பம் கடல் வரைபடம்தான். சாதாரணப் படத்தில் கடல் வெறும் நீலம். இதிலோ தண்ணீர் முழுக்க எண்கள். ஒவ்வொன்றும் அந்த இடத்தின் ஆழம். படகின் அடிப்பகுதி நீருக்குள் 2 மீட்டர் இறங்கும் என்றால், 2-ஐ நெருங்கும் எண்ணைக் கண்டதுமே வழி தேடும் விரல் விலகிப் போகும்.

காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. டோர்டோலா தீவில் கிளம்பி, முதலில் அதை எதிர்த்து வர்ஜின் கோர்டா தீவு வரை ஏறிவிட்டால், திரும்புவது சுகம். வழியில் சால்ட் தீவருகே, 1867 புயலில் மூழ்கிய ‘ரோன்’ கப்பல் கிடக்கிறது.

வரைபடத்தில் எனக்குப் பிடித்த மூலை அனெகாடா தீவு. மற்றவை பெரும்பாலும் மலைத்தீவுகளாக இருக்க, இது மட்டும் 9 மீட்டர்கூட உயராத தட்டைப் பவளத்தீவு. தென்கிழக்கே நீளும் ஹார்ஸ்ஷூ பவளத்திட்டில் எத்தனையோ கப்பல்கள் உடைந்திருக்கின்றன. வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் நீருக்கடியில் பாறையின் பழுப்பு தெளிவாகத் தெரியும்.

கைபேசித் திரை போதும் என்று இருந்துவிடாதீர்கள். காகிதப் படத்தை மேசையில் விரித்து, உடன் வருகிறவர்கள் அனைவரும் சேர்ந்து பாருங்கள். அனெகாடாவை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.