மதுரை வெயிலில் மைனஸ் 40

சித்திரை மாச மதுரையில் என் கார் இன்ஜின் மைனஸ் 40 டிகிரியில் உறைந்து கிடப்பதாக ஸ்கேனர் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும், நிற்காது. செக் இன்ஜின் லைட்டும் அணையாது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு என்று புதுசு மாட்டினார் மெக்கானிக் அண்ணன். புதுசு மாட்டியும் லைட் அணையவில்லை. ஸ்கேனரில் எரர் கோட் அதே பி0118. அந்த கோட் சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவே இல்லை. சர்க்யூட்டில் வோல்டேஜ் ஏறிக் கிடக்கிறது, அவ்வளவுதான் அதன் பேச்சு!

விஷயம் இதுதான். சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ 5 வோல்ட் அனுப்பி, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடும். ஒயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசியூவுக்கு அது கடுங்குளிர். ஃபேன் ஓடுவது? எதையும் நம்ப முடியாத நிலையில் இன்ஜினைக் காப்பாற்ற ஈசியூ எடுக்கும் முன்ஜாக்கிரதை. என்ன மூளைடா சாமி!

கனெக்டரைக் கழற்றி, பேப்பர் கிளிப்பை வளைத்து இரண்டு பின்னையும் சேர்த்தேன். ஒயரிங் நல்லா இருந்தால் ஸ்கேனரில் சூடு எகிறி 130-ஐத் தாண்ட வேண்டும். அசையவே இல்லை, அதே மைனஸ் 40. ஆக, சென்சார் நிரபராதி! கிளிப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். ஒரு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 4.98 வோல்ட். இரண்டு பின்னுக்கும் நடுவே பூஜ்யம். 5 வோல்ட் வருகிறது, திரும்பிப் போக வழி இல்லை. கிரவுண்ட் ஒயர்தான் திருடன்.

ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனேன். பேட்டரி தட்டுக்குக் கீழே, வளைவில், ஒரு இடத்தில் மட்டும் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. மேல் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு இல்லை! கீறினேன். பச்சைப் பொடி கொட்டியது. அந்த நொடிக்காக இன்னொரு ஒயர் அறுந்தாலும் சம்மதம்.

சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, கோட்-ஐ அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். ஃபேன் சத்தமே இல்லை. போனில் ஸ்கேனர் எண் ஏறியது: 38... 55... 82...

"வண்டிக்குள்ள உக்காந்து போன்ல என்னடா பாக்குற, சோறு ஆறுது," என்று வாசலில் அம்மா.

"இரும்மா, தொண்ணூறு ஆயிடுச்சு!"

96-இல் ஃபேன் கிர்ரென்று கிளம்பியது. 91-இல் தானாக நின்றது. கை தட்டினேன்.

கழற்றிப் போட்ட பழைய சென்சாரை அன்று ராத்திரியே சுடுதண்ணி டம்ளரில் முக்கி ஓம் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து முந்நூறுக்கு அழகாக இறங்கியது. பத்திரமாக டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் காட்ட வேண்டும்.