குரலுக்கு ஈடாகும் எழுத்து: விவிலிய மூலமொழிகளும் எழுத்துருத் தேர்வும்

எழுத்து என்பது ஒலியின் வடிவம். ஒலிக்கும் வடிவுக்கும் உள்ள இத்தொடர்பு நாடோறும் பழகும் தாய்மொழியில் எளிதிற் புலப்படுவதில்லை. தமிழ் நூலை விரிப்பவன் எழுத்தைக் காண்பதில்லை, சொல்லையே காண்கிறான். பழகாத மொழி ஒன்றைத் தொன்னூல் ஒன்றின் பொருட்டுக் கற்கப் புகும்போதுதான் எழுத்தின் வளைவும் கோடும் புள்ளியும் தனித்தனியே கண்ணுக்குத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று பிறழினும் பொருள் பிறழும் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது. ஆதலின், விவிலியத்தின் மூலமொழிகளாகிய எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் திரையிற் கற்பார்க்கு எந்த எழுத்துரு ஏற்றது என்னும் வினா அலங்காரம் பற்றியதன்று, பாடம் பற்றியது.

சைவ நூல்களும் வைணவ நூல்களும் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளர். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து துணைசெய்தவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலரே. அரசர் முதல் நூல் 10ஆம் அதிகாரத்தில் சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றைக் குறிக்கும் எபிரேயச் சொல், மயிலின் தோகையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லின் வழியது என்று கால்டுவெல் கருதினார். அக்கருத்து பின்னர் ஐயத்துக்கும் உள்ளாயிற்று. அதனை ஏற்கவோ மறுக்கவோ விரும்பும் தமிழ் மாணவன் அந்த எபிரேயச் சொல்லைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லனாதல் வேண்டும். பிறர் கூற்றை நம்பி நிற்பது ஆராய்ச்சி ஆகாது.

ஆயின், பலாங்கொடை போன்ற மலையகப் பட்டினமொன்றில் அத்தகைய மாணவனுக்கு எபிரேயமோ கிரேக்கமோ கற்பிக்கும் ஆசிரியரை அண்மையிற் பெறுதல் எளிதன்று. அவன் கையிலுள்ள சிறு திரையே அவனுக்கு நூலகமும் ஆசிரியனும் ஆகின்றது. எழுத்துருவைத் தேரும்போது முதலிற் கருத வேண்டுவது இந்நிலையே. ஆசிரியன் அருகிருப்பின் தவறாக வாசித்த சொல்லை அவன் குரல் திருத்தும். தனித்துக் கற்பானுக்கு அக்குரல் இல்லை. எழுத்தின் வடிவமே குரலின் பணியையும் செய்தல் வேண்டும்.

இவ்வுண்மை தமிழ் ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றாலும் வலியுறும். ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரத்துக்கும் ஆகாரத்தைக் காட்டும் காலுக்கும் வடிவு ஒன்றே. ஆகவே ‘கெடு’ என்பதும் ‘கேடு’ என்பதும், ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஓலையில் ஒரே தோற்றத்தன. பண்டையோர்க்கு இதனால் இடர் நேரவில்லை. பாடலை ஆசிரியன் வாய்வழிக் கேட்டு நெஞ்சிற் பதித்தவர்க்கு ஏடு நினைவூட்டும் கருவி மாத்திரமே. வாய்மொழி மரபு அறுந்தபின் அச்சுவடிகளைக் கையிலெடுத்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரே ஒவ்வொரு சொல்லுக்கும் அல்லற்பட்டனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவு அமைத்ததும், நாவலர் தம் உரைநடையில் நிறுத்தக் குறிகளைக் கையாண்டதும் குரல் நீங்கிய இடத்தை வடிவால் நிரப்பிய செயல்களே.

எபிரேயத்தின் வரலாறும் இதனையே ஒக்கும். அம்மொழியின் 22 எழுத்துக்களும் மெய்யெழுத்துக்கள். உயிரொலியை ஓதுவார் மரபறிந்து கூட்டி வாசித்தனர். ‘தாலெத்’, ‘பேத்’, ‘ரேஷ்’ என்னும் மூன்றெழுத்தைத் ‘தாவார்’ என வாசிப்பின் சொல் என்று பொருள்படும். ‘தெவெர்’ என வாசிப்பின் கொள்ளைநோய் என்று பொருள்படும். எபிரேயம் பேச்சுவழக்கு ஒழிந்த பின்னர், மசோரெத்தியர் எனப்படும் திபேரியாப் புலவர்கள் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உயிர்க்குறிகளையும் ஓதற்குறிகளையும் வகுத்து எழுத்தின் மேலும் கீழும் உள்ளும் இட்டனர். மூல எழுத்தில் ஒன்றையும் மாற்றாமல் குரலை மாத்திரம் குறியாக்கியமை அவர்தம் பெருமை. 1008ஆம் ஆண்டளவில் எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் சுவடி அப்பணியின் முழுமையைக் காட்டுவது. இக்காலப் பதிப்புக்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை.

எழுத்தின் வடிவு ஒன்றோடொன்று மயங்கும் இடரையும் அவர்கள் அறிந்திருந்தனர். ‘தாலெத்’ எழுத்தின் மூலை கூரியது. ‘ரேஷ்’ எழுத்தின் மூலை வளைந்தது. வேறுபாடு அவ்வளவே. உபாகமம் 6:4இல் ஒன்று எனப் பொருள்படும் ‘எஹாத்’ என்னும் சொல்லின் ஈற்றுத் ‘தாலெத்’ மரபுப்படி பெரிதாக எழுதப்படுகிறது. யாத்திராகமம் 34:14இல் வேறு எனப் பொருள்படும் ‘அஹேர்’ என்னும் சொல்லின் ஈற்று ‘ரேஷ்’ அவ்வாறே பெரிதாகிறது. ஒன்றை மற்றொன்றாக வாசிப்பின் ஒரே கடவுள் என்பது வேறு கடவுள் என முடியும். அதனைத் தடுத்தற்கே இவ்வாறு எழுதினர் என்பர். மயக்கம் நிகழ்ந்தமைக்கும் சான்று உண்டு. ஆதியாகமம் 10:4இல் ‘தோதானீம்’ என நிற்கும் பெயர், நாளாகமம் முதல் நூல் 1:7இல் ‘ரோதானீம்’ என நிற்கிறது.

கிரேக்கத்தில் மயக்கம் குறிகளைப் பற்றியது. உயிரெழுத்து முதலாகிய சொற்களின் மேல் சிறு பிறை போன்ற மூச்சுக்குறி ஒன்று உண்டு. அது ஒருபுறம் வளைந்தால் ஹகர ஒலி சேரும். மறுபுறம் வளைந்தால் சேராது. ‘என்’ எனின் உள்ளே என்பது பொருள். ‘ஹென்’ எனின் ஒன்று என்பது பொருள். ‘ஒரொஸ்’ மலை, ‘ஹொரொஸ்’ எல்லை. யோவான் 10:30இல் சமய வாதங்கள் பலவற்றுக்கு இடனாகிய சொல் இந்த ‘ஹென்’ என்பதே. அசைக்குறிகளை வகுத்தவர் கி.மு. 200 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிசாந்தியத்து அரிஸ்தோபனிஸ் என்பது மரபு. கிரேக்கம் பிறநாட்டார் பலரும் பயிலும் மொழியாகிய காலம் அது. குரல் கேளாதார்க்கென்றே குறி பிறந்தது என்பது இங்கும் பொருந்தும்.

அச்சு வந்தபின் இந்நெறி எப்போதும் பேணப்பட்டதென்று கூற இயலாது. 1514இல் அல்கலாவில் அச்சாகிய கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் எழுத்துக்கள் நிமிர்ந்தும் திறந்தும் நின்றன. ஆயினும் ஐரோப்பாவை ஆட்கொண்டது வேறொரு வகை. பிரான்சு மன்னனுக்காகக் கிளாட் கரமோன் வெட்டிய எழுத்துக்களைக் கொண்டு ரொபேர் எஸ்தியேன் 1550இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். தேர்ந்த எழுத்தாளன் ஒருவனின் கையெழுத்தைப் பின்பற்றிய அவ்வச்சு எழிலால் நிகரற்றது. எனினும் அதிற் கூட்டெழுத்துக்கள் மிகப் பல. எழுத்தோடு எழுத்துப் பின்னி நிற்பன. கற்றார் கண்ணுக்கு அது விருந்து. கற்பார் கண்ணுக்கு அது காடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் போர்சனின் கையெழுத்தைத் தழுவிய அச்சு, கூட்டெழுத்துக்களை நீக்கி எளிய வழி காட்டிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோதும், ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால் சிறியவற்றை அங்கேயே வார்க்க நேர்ந்தது. எழிலும் செலவும் தெளிவும் ஒன்றோடொன்று பொருதல் பழைய செய்தியே.

கணினிக் காலத்தில் புதிய இடரொன்று தோன்றிற்று. 1990களில் விவிலிய மொழிகளுக்கென வழங்கிய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்கு உரிய இடங்களில் கிரேக்க, எபிரேய வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். இலங்கைத் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சான கோப்புக்கள் அவ்வெழுத்துரு இன்றித் திறக்கப்படும்போது எய்தும் நிலையைப் பலரும் கண்டுள்ளனர். 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழ், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம் வகுத்தது. எனவே எழுதுவார்க்கு முதல் விதி, ஒருங்குறியில் எழுதுதல். அழகிய பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது இன்று அழகாகத் தோன்றலாம், நாளை படிக்கப்படாது.

ஒருங்குறியும் குறைவற்றதன்று. எருசலேம் என்னும் பெயர் எபிரேய விவிலியத்தில் பெரும்பாலும் ‘யோத்’ என்னும் எழுத்தின்றி எழுதப்படுதலின், ‘லாமெத்’ ஒன்றே இரண்டு உயிர்க்குறிகளைச் சுமக்கிறது. ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் விதி அவ்விரண்டையும் இடமாற்றிவிடும். கண்ணுக்குத் தோன்றாத இணைப்புக்குறி ஒன்றை இடையில் இட்டே அதனைத் தடுக்கின்றனர். அக்குறியை அறியாத எழுத்துரு, குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தோ வெற்றுக் கட்டம் காட்டியோ சொல்லைச் சிதைக்கும்.

இனி, வழக்கிலுள்ள எழுத்துருக்களை இந்நெறியால் மதிப்பிடலாம். விவிலிய இலக்கியக் கழகத்துக்காக ஜான் ஹட்சன் வடிவமைத்த எஸ்.பி.எல். ஹீப்ரு, உயிர்க்குறிகளையும் ஓதற்குறிகளையும் உரிய இடத்தில் நிறுத்துவதிற் சிறந்தது. எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் எஸ்ரா, ஜெர்மனியில் அச்சான ஆய்வுப் பதிப்பின் எழுத்தைத் தழுவியது. திரையிலிருந்து அச்சுநூலுக்குச் செல்பவனுக்கு அறிமுகமான முகத்தையே காட்டும். டேவிட் பெரியின் கார்டோ, கிரேக்கமும் எபிரேயமும் ஒருங்கே உடையது. மூல மேற்கோள் பல வரும் கட்டுரைக்கு ஏற்றது. எனினும் அதன் மெல்லிய கோடுகள் சிறு அளவில் வெளிறும். விக்டர் கோல்ட்னியின் ஜென்டியத்தில் எபிரேயம் இல்லை; ஆயின் அதன் கிரேக்க எழுத்துக்கள் அகன்று திறந்தவை, மூச்சுக்குறிகள் தெளிந்தவை. எஸ்ரா, கார்டோ, ஜென்டியம் மூன்றும் திறந்த உரிமத்தில் விலையின்றிக் கிடைப்பன. எஸ்.பி.எல். ஹீப்ருவை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு விலையின்றிப் பெறலாம்.

குறிகளை மிகுதியாகக் காட்டும் எழுத்துருவே பழகினால் மாணவன் அவற்றை ஊன்றுகோலாகப் பற்றிக்கொள்வான். குறியற்ற பழஞ்சுவடியை வாசிக்கும் ஆற்றல் பெறான் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஊன்றுகோலை எறியத்தக்க காலம் நடை தேர்ந்தபின் வருவது. பாலபாடத்தைப் படித்து முடியாதவனுக்கு ஓலைச்சுவடியைக் கொடுத்தல் கல்வி ஆகாது.

ஆகவே, எழுத்துருவைத் தேர்வார் அதன் எழிலை நோக்குமுன் நான்கு சொற்களை அதில் எழுதி, தம் கைப்பேசித் திரையிலேயே நோக்குதல் வேண்டும். ‘எஹாத்’ என்பதும் ‘அஹேர்’ என்பதும் ஈற்றெழுத்தால் வேறுபட்டுத் தோன்றுகின்றனவா? எருசலேமின் இரு குறிகளும் முறைப்படி நிற்கின்றனவா? ‘ஹென்’ என்பதன் மூச்சுக்குறி அருகிலுள்ள அசைக்குறியோடு ஒட்டாமல் விளங்குகிறதா? இம்மூன்றிலும் தவறும் எழுத்துரு எத்துணைத் தொன்மையும் வனப்பும் உடையதாயினும் தனித்துக் கற்பானுக்கு ஆகாது.

பலாங்கொடைக்கு அணித்தாகிய குரகலைக் குன்றில், குகைகளின் மேல் விளிம்பில் பிராமி எழுத்துச் சாசனங்கள் உள்ளன. அக்கல்லெழுத்தை ஒரு காலத்தில் அவ்வூரார் வாசித்தனர். வாசித்த குரல் மறைந்தது, எழுத்து நின்றது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் பிராமியை மீட்டறியும் வரை, நிற்கும் அவ்வெழுத்தே ஊமையாய் இருந்தது. எழுத்து நிலைத்தால் மாத்திரம் போதாது. வேறுபாடுகள் யாவும் விளங்க நிலைத்தல் வேண்டும். ஆசிரியரில்லா ஊரில் ஒரு மாணவன் தொன்மொழி ஒன்றைப் பிழையறக் கற்பதும், கற்கவியலாமற் கைவிடுவதும் சில வேளை ஒரு புள்ளியின் தெளிவைப் பொறுத்தனவாகும்.