விஸ்தரிப்பும் குறுக்கமும்

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தினின்று 2001-இல் அரியலூர் தனித்து நின்று, மறு வருஷமே தாய் மாவட்டத்தோடு இணைந்து, 2007-இல் மீண்டும் பிரிந்த விருத்தாந்தத்தை அறிந்த அப்பகுதிக்காரர்களுக்கு, ஒரே கணினிக்குள் பல கணினிகளை நடத்தும் வீட்டுச் சர்வரில் டிஸ்கின் எல்லைகளை மாற்றியமைக்கும் வித்தை விநோதமாகத் தோன்றாது. டிஸ்கை வால்யூம்கள் என்னும் பகுதிகளாகப் பிரித்தாளும் லினக்ஸின் எல்விஎம் ஏற்பாட்டில் விஸ்தரிப்பது சுலபம். வால்யூமைப் பெரிதாக்கி, அதனுள்ளிருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை நீட்டினால், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடம் பெருகிவிடும். குறுக்குவதிலேதான் ரசனைக்குரிய நுட்பமெல்லாம் இருக்கிறது: கோப்பு முறைமையைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, பரிசோதித்து, முன்னதாக அதைச் சுருக்கிய பின்னரே வால்யூமின் எல்லையில் கைவைக்கவேண்டும், கிரமம் பிறழ்ந்தால் தரவுகள் நாசமாகும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் மற்றொரு கோப்பு முறைமையோ, வளருமேயன்றிக் குறுக எளிதில் சம்மதிப்பதில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் சற்றே ரசிக்கிறேன்.