ஏணியும் இடைப்படியும்
ஊவாத் தோட்டப் பாடசாலைகள் பற்றியதொரு நோக்கு

ஒரு நாட்டின் கல்வி அமைப்பை ஏணிக்கு ஒப்பிடுதல் அறிஞர் வழக்கு. ஏணியின் உயரத்தை வியப்போர் பலர். படிக்கும் படிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பார்ப்போர் சிலரே. ஏறுவது சிறு பிள்ளையாயின் அவ்விடைத்தூரமே அதன் வாழ்வை முடிவுசெய்வது. இலங்கையின் கல்வி ஏணியைப் பதுளை மாவட்டத்துத் தேயிலை மலைகளில் நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும்.

அமைப்பை முதற்கண் நோக்குதல் பொருத்தமாகும். முதலாந் தரந்தொட்டு ஐந்தாந் தரம்வரை ஆரம்பக் கல்வி; ஆறு முதல் ஒன்பது வரை கனிட்ட இடைநிலை; பத்தும் பதினொன்றும் சிரேட்ட இடைநிலை. பதினோராந் தர ஈற்றிற் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும், பதின்மூன்றாந் தர ஈற்றில் உயர்தரப் பரீட்சையும் நிகழ்கின்றன. இவ்வொழுங்கு நாடெங்கும் ஒன்றே. பாடசாலைகளோ ஒன்றல்ல. விஞ்ஞானம் உட்பட உயர்தரத் துறைகளைக் கற்பிப்பன 1ஏபி வகையின. கலையும் வர்த்தகமும் மட்டும் கற்பிப்பன 1சி வகையின. பதினோராந் தரத்தோடு நிற்பன இரண்டாம் வகையின. ஐந்தாந் தரத்தோடோ எட்டாந் தரத்தோடோ நின்றுவிடுவன மூன்றாம் வகையின. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாண நிருவாகத்தின் கீழும் இயங்குகின்றன. தரத்தால் ஒருமைப்பட்ட அமைப்பு வகையால் பிரிவுபட்டிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு பிள்ளை எத்துணைத் தூரம் ஏறலாம் என்பதை அது பிறந்த இடத்திற்கு அண்மையிலுள்ள பாடசாலையின் வகையே பெரிதும் வரையறுத்துவிடுகின்றது.

தோட்டங்களிற் கடைசி வகைப் பாடசாலைகள் மலிந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலே 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாருக்கும் சைவர்க்குமிடையே மூண்ட போட்டியின் பயனாக ஆங்குத் திண்ணைப் பள்ளி முதற் கல்லூரி ஈறாகப் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. மலையகத்திலோ கொழுந்தெடுக்கச் செல்லும் தாயின் பிள்ளையைக் காக்கப் பிள்ளைக் காம்பரா இருந்தது. அதனை அடுத்துச் சிறிது வளர்ந்த பிள்ளைக்கென ஓர் ஓராசிரியப் பாடசாலை இருந்தது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதற் பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலைத் தோட்டத் துரைமாரின் கடமையாக்கியது. பத்து வயதோடு சட்டத்தின் அக்கறை முடிந்தது. அடுத்த படிக்கு அனுப்பும் நோக்கோடு அப்பாடசாலை அமைக்கப்படவில்லை. அதுவே தொடக்கமும் அதுவே முடிவுமாக அமைக்கப்பட்டது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 1945 ஒக்ரோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் அவ்வேற்பாடு ஆசிய நாடுகளுள் அரிதானது. அதன் பெருமையைக் குறைத்துரைத்தல் நன்றியின்மையாகும். எனினும், வாயிலிற் கட்டணத்தை நீக்குதல் வேறு. வாயிலையே அமைத்துக் கொடுத்தல் வேறு. ஐந்தாந் தரத்திற்கு அப்பால் வகுப்பே இல்லாத இடத்தில், ஆறாந் தரம் இலவசம் என்பது ஏட்டுச் சுரைக்காய். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கற்ற பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி கேட்கச் சட்டசபையில் நாவில்லாது போயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977 முதற்கொண்டு, அப்பாடசாலைகள் படிப்படியாகத் தேசிய அமைப்பிற் சேர்க்கப்பட்டன.

அதன் பின்னர் நிகழ்ந்த முன்னேற்றம் மெய்யானது. 1980 முதல் இலவசப் பாடநூல்களும், 1993 முதற் சீருடைத் துணியும் தோட்டப் பிள்ளைக்கும் கிட்டின. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. லயத்திற் பிறந்தோருள் ஆசிரியரும் அதிபரும் வைத்தியரும் தோன்றினர். ஆயினும், பாடசாலைகளை அமைப்பினுட் சேர்த்த அரசு, அவற்றைச் சேர்த்த நிலையிலேயே வகைப்படுத்தியது. முன்பு துரையின் கணக்கில் ஈற்றில் நின்ற பள்ளி, பின்பு திணைக்களத்தின் கணக்கில் மூன்றாம் வகையாக நின்றது. பெயர் மாறிற்று, இடம் மாறவில்லை.

இதன் விளைவை மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, பூணாகலை முதலாய மலைப்புறங்களிற் காணலாம். மேற்பிரிவிலுள்ள பிள்ளை ஆரம்பக் கல்வி முடித்ததும், தேயிலைச் சரிவினூடே இறங்கிப் பெருந்தெருவை அடைந்து, பேருந்தேறிப் பட்டினப் பாடசாலைக்குச் செல்லல் வேண்டும். மழையும் பனிமூட்டமும் உள்ள காலத்தில் அவ்வழி சிறுமியர்க்கு உகந்ததன்று. பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் சேருங்கால், ‘பேர்’ என்று தோட்டத்தார் வழங்கும் ஒருநாட் கூலியில் ஒரு கூறு அதற்கே செலவாகின்றது. அவ்வாறு சென்ற பிள்ளையும் உயர்தரத்தில் விஞ்ஞானம் பயில விரும்பின், தமிழ்மொழி மூலம் அதனைக் கற்பிக்கும் பாடசாலைகள் அம்மாவட்டத்தில் மிகச் சிலவே என்பதை அறிந்து மனம் தளர்கின்றது.

இக்குறைக்கு மருந்தென இரண்டு காட்டப்படுவதுண்டு. ஒன்று ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. திறமையுள்ள நாட்டுப்புறப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு உயர்த்தும் நன்னோக்குடன் தோன்றிய அது, இன்று தனிவகுப்புகளுக்குப் பணம் செலுத்த வல்லோர் முந்திக்கொள்ளும் பந்தயமாயிற்று. மேலும், சிலரைத் தூக்கிவிடும் கயிறு பலர்க்கு வேண்டிய படியாகாது. மற்றையது பல்கலைக்கழக அனுமதியிலுள்ள மாவட்ட ஒதுக்கீடு. கலைத்துறை ஒழிந்த துறைகள் பலவற்றில், நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஈண்டு அளவுகோல் மாவட்டமாதலின், பட்டினத்துப் பெரும்பாடசாலையின் மாணவனும் தோட்டத்து மேற்பிரிவு மாணவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். கலைத்துறைக்கோ இவ்வொதுக்கீடு இல்லை. அங்கே தெரிவு நாடளாவிய திறமையொழுங்கில் நிகழ்வது. விஞ்ஞானம் இல்லாமையால் கலையைத் தெரிந்த தோட்டப் பிள்ளை, எந்த வறுமைக்காகச் சலுகை வகுக்கப்பட்டதோ அந்த வறுமையாலேயே அச்சலுகையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றது. இம்முரண் அமைப்பின் உள்ளேயே உறைவது.

தோட்டப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றோர் என்று கூறித் தப்புவாரும் உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. தூரத்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பொருட்டுத் தன் காதணியை அடகு வைக்கும் தாய் தோட்டத்திற்குப் புதியவள் அல்லள். பிள்ளைகள் குறைவாதலின் உயர்வகுப்பு வைத்தல் சிக்கனமன்று என்பாரும் உளர். வகுப்பில்லாமையாற் பிள்ளை விலகுவதும், பிள்ளை விலகுவதால் வகுப்பில்லாமையும் ஒன்றையொன்று சுற்றிவருவன. அவ்வட்டத்தை உடைக்கும் கடப்பாடு அரசினதேயன்றிப் பத்து வயதுப் பிள்ளையினது அன்று.

செய்யத்தக்கவை அரிய செயல்களல்ல. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலைக்கும் அதன் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் இடைநிலைப் பாடசாலை ஒன்று பெயர் குறித்து உரித்தாக்கப்படல் வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையே பேருந்தோ விடுதியோ கட்டாயமாக அமைதல் வேண்டும். பசறை, பண்டாரவளை, ஹல்துமுல்லை முதலாய பகுதிகள் ஒவ்வொன்றிலும் தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்பு ஒன்றேனும் நிலைபெறல் வேண்டும். பின்தங்கிய நிலையை அளக்குங்கால் மாவட்டத்தை விடுத்துப் பாடசாலையை அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

1997இன் ஒழுங்குவிதி 5 வயது முதல் 14 வரையும், 2016இன் ஒழுங்குவிதி 16 வரையும் கல்வியைக் கட்டாயமாக்கின. கட்டாயம் என்பது பெற்றோரை மட்டும் பிணிப்பதாயின் அது தண்டனை. அரசையும் பிணிப்பதாயின் அதுவே நீதி. பதினாறு வயதுவரை பிள்ளை பள்ளியில் இருத்தல் வேண்டும் என விதித்த கை, பதினாறு வயதுவரை கற்பிக்கும் பள்ளியை அப்பிள்ளை நடந்து சேரும் தொலைவில் வைத்தற்கும் கடமைப்பட்டது.