அமெரிக்கச் சரித்திரமும் நம் அலசல் விமர்சனமும்

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படிக்கிறவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் உண்டு. எனக்கும் இருந்தது. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் வரும் மிஸிஸிப்பி நதி சுதந்திரத்தின் குறியீடு என்று எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த நதி தெற்கு நோக்கி, அடிமைப் பிரதேசத்துக்கு உள்ளேதான் ஓடுகிறது என்பதைப் பூகோளப் படத்தை விரித்திருந்தால் நானே கண்டிருக்கலாம். யாரும் விரிக்கவில்லை. ஓடிப்போகிற ஜிம் ஓர் அடிமை என்பது தெரியும். அடிமை ஒருவன் தோட்டத்தைவிட்டு வெளியே கால்வைக்க எஜமானன் எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும், சீட்டில்லாதவனைப் பிடிக்க ராத்திரி ரோந்து சுற்றினார்கள் என்பது தெரியாது. தெரிந்திருந்தால், உத்தமபாளையத்தில் உட்கார்ந்து படித்த எனக்கு அது அமெரிக்க விஷயமாக மட்டும் பட்டிருக்காது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நம் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க இலக்கியம் வேர்விட்டது 1950-இன் ஃபுல்பிரைட் ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில். 1964-இல் ஹைதராபாத்தில் அமெரிக்க ஆய்வுக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். புத்தகங்களோடு ஒரு வாசிப்பு முறையும் வந்தது: படைப்பை மட்டும் பார், எழுதியவனும் அவன் காலமும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். கிளியந்த் ப்ரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் 1938-இல் கொண்டுவந்த கவிதைப் பாடப்புத்தகம் இந்த முறையை வகுப்பறை தோறும் கொண்டு சேர்த்தது. ஆனால் இந்த முறைக்கே ஒரு சொந்த ஊர் உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ரான்ஸம், டேட், வாரன் மூவரும் அமெரிக்கத் தெற்கின் பிள்ளைகள். 1930-இல் தெற்கத்திக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தொழில்மயமான வடக்குக்கு எதிராகத் தங்கள் விவசாய வாழ்வைத் தூக்கிப்பிடித்து ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டபோது மூவரும் அதில் இருந்தார்கள். கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டுக்கு அதில் வக்காலத்து வாங்கியவர் வாரன்தான். சரித்திரத்தைக் கவிதைக்கு வெளியே நிறுத்தியவர்களுக்கு மறக்கவேண்டிய சரித்திரம் ஒன்று இருந்தது என்று இதிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிடமாட்டேன். ஆனால் கேள்வி எழுகிறது.

அந்த முறையின் தமிழ் வடிவம் நமக்கு எங்கிருந்து கிடைத்தது? இங்கிருந்து பக்கத்தில் உள்ள சின்னமனூரைத் தன் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டவரிடமிருந்து. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’வைத் தொடங்கியபோது, ‘நன்றாக இருக்கிறது’, ‘மனதைத் தொடுகிறது’ என்ற முதுகு தட்டல்தான் இங்கே விமர்சனம். அதை உடைக்க அவருக்கு அலசல் தேவைப்பட்டது. அவர் கையில் அது கூர்மையான ஆயுதம். தவிர, செல்லப்பா சரித்திரம் தெரியாத மனிதரில்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், கடைசிக் காலத்தில் ‘சுதந்திர தாகம்’ எழுதியவர். ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அந்த அனுபவத்தை விட்டுவிட்டவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

அவருடைய ‘வாடிவாசல்’ குறுநாவலையே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் என்ன? ஒரே மாலைப் பொழுதுக்குள் அடங்கிய காலம், பேச்சுமொழியின் கச்சிதம், மனிதன், மிருகம், ரோஷம் என்ற முக்கோணம். எல்லாம் சரி. அப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைக்க உசிலனூரிலிருந்து வருகிறான் பிச்சி. கடைசியில் ஜமீன்தார் தன் காளையைத் தானே சுடுகிறார். அலசல் இதை அவலத்தின் உச்சம் என்று சொல்லி நின்றுகொள்ளும்.

உசிலனூர் என்ற பெயர் எந்த நிலப்பகுதியை நினைவூட்டுகிறது என்று தெரிந்தவன் இன்னொரு கேள்வி கேட்பான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1914-இல் தொடங்கி மதுரை ஜில்லாவின் பிறமலைக் கள்ளர் மேல் போடப்பட்டது. ஆண்கள் ரேகை பதியவேண்டும். பதிந்தவர்கள் ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்கவேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மதராஸ் மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947-இல். செல்லப்பா இந்தச் சட்டத்தைக் கதைப்பொருளாக எடுக்கவில்லை. எடுத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் அந்த வட்டாரத்து ஒருவன் அயலூர்ச் சல்லிக்கட்டுக்குப் போய், ஜமீன்தார் கண்ணெதிரே ஊரார் பார்க்க நிமிர்ந்து நிற்பதன் கனம், நடமாட்டமே குற்றமாக இருந்த காலத்தை அறிந்தவனுக்கு வேறாகத்தான் இறங்கும்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கச் சமூக சரித்திரம். அதுவும் வகுப்பில் அல்ல, வங்கியில் சேர்ந்த பிறகு, தனியாக. அங்கேயும் அது தாமதமாக வந்ததுதான். டு பாய்ஸ் 1935-இலேயே கறுப்பர்களைச் சரித்திரத்தின் கர்த்தாக்களாக வைத்து எழுதினார். சரித்திரத் துறையார் வெகுகாலம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜெனோவீஸின் பெரிய நூல் 1974-இல்தான், கட்மனின் அடிமைக் குடும்ப ஆய்வு 1976-இல்தான் வந்தன. கட்மன் செய்தது எளிமையானது, அசாத்தியமானது. எஜமானர்கள் சொத்துக் கணக்காக எழுதிவைத்த பிறப்புப் பதிவேடுகளில், பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் விடாமல் இடப்பட்டிருப்பதைப் பார்த்தார். குடும்பமே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் குடும்பம் கணக்குப்பிள்ளையின் கையெழுத்திலேயே கிடந்தது.

நானும் பதிவேடு எழுதுகிறவன். நகைக் கடனுக்கு வந்த ஒரு பெரியவர் இடது பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்தார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ரேகைச் சட்டத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்ததால், கூட்டம் குறைந்த நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் தொந்தரவில்ல சார். ஸ்டேசன்ல எங்கய்யாவ மரியாதையாத்தான் வச்சிருந்தாங்க. ஏட்டய்யா நல்ல மனுசன்” என்றார். அன்றிரவு, ரேகைச் சட்டம் பற்றி நாம் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோமோ என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

அப்போது சூசன் ஹாம்லினை நான் படித்திருக்கவில்லை. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தில், உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளிடம் 2,300-க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் எடுத்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சார்ல்ஸ்டன் நகரத்துச் சூசன் ஹாம்லினிடம் இரண்டு பேர் தனித்தனியே போனார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண்; உதவித்தொகை ஆபீஸிலிருந்து வந்திருப்பதாகக் கிழவி நினைத்துக்கொண்டாள். அவரிடம் எஜமானரின் நல்ல குணத்தைச் சொன்னாள். இன்னொருவர் கறுப்பர். அவரிடம், விற்கப்பட்டுப் பிரிந்த குடும்பங்களையும் தாய்மார் கதறலையும் சொன்னாள். ஒரே கிழவி, ஒரே வாழ்க்கை.

இதைப் படித்த பிறகுதான் அந்தப் பேச்சில் நான் யாராக இருந்தேன் என்று விளங்கிற்று. அவர் நகை என் பீரோவில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து நகையைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் ஒருநாள், அவர் பேரன் எனக்குச் சிநேகிதன் என்பதால், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கவில்லை, பேரன்தான் கேட்டான். “எங்கய்யாவப் பெத்த கெழவி பக்கத்தூர்ல செத்துப்போச்சு. சீட்டெழுத ஸ்டேசன்ல ஆளில்ல. விடிஞ்சு சீட்டு வாங்கிட்டுப் போறதுக்குள்ள கெழவிய எடுத்துட்டாங்க. அதுலருந்து எங்கய்யா எந்த எழவுக்கும் போனதில்ல.” சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. பிறமலைக் கள்ளர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்ல. நிலமும் காவல் உரிமையும் உடையவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் இதே பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் போய்க் கேட்டால் எனக்கு எந்தப் பதில் கிடைக்கும்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள் என்னிடம் எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள்? கறுப்பர்களின் துயரத்தைக் கடன் வாங்கி நம் மேல் போர்த்திக்கொள்வதற்காக அமெரிக்கச் சரித்திரம் படிக்கச் சொல்லவில்லை. பதிவேட்டை எழுதியவன் யார், கேட்டவன் யார், பதில் சொன்னவனுக்கு அப்போது என்ன நெருக்கடி என்ற மூன்று கேள்விகளுக்காகச் சொல்கிறேன். இவற்றைக் கேட்கப் பழகியவன் ஒரு கதையின் உரையாடலையும் வேறு காதோடு கேட்பான்.

வாரனின் மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். 1930-இல் எழுதியதை அவர் பின்னால் கைவிட்டார். 1964-இல் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கறுப்பர்களிடம் பேசி, அடுத்த ஆண்டு அந்தப் பேட்டிகளைப் பெரும் புத்தகமாக்கினார். படைப்பை மட்டும் பார் என்று உலகத்துக்குப் பாடம் நடத்தியவரே, அறுபது வயதை நெருங்கும்போது வாசலைத் தாண்டி வெளியே போயிருக்கிறார். நம் தாளில் அவருடைய பாடப்புத்தக முறை மட்டும் இருக்கிறது. டேப் ரெக்கார்டர் இல்லை.

என் நோட்டில் அன்றிரவு எழுதிய வரியை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.