அளந்த உடலும் அளக்காத ஆட்டமும்

அமெரிக்கக் கால்பந்தில், எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்று பெயர். வெர்னன் கோல்ஸ்டன் என்ற லைன்பேக்கரை நியூயார்க் ஜெட்ஸ் அணி 2008ஆம் ஆண்டு எடுத்தது முக்கியமாக இந்த ஒரு வேலைக்காகத்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் அந்த ஆண்டு ஆறாவதாக அழைக்கப்பட்ட பெயர் அவருடையது. மூன்று பருவங்களில் 45 ஆட்டங்கள் ஆடினார். ஒரு சாக் கூட எடுக்கவில்லை. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை சாக் என்று கணக்கில் சேரும். அந்த அரை கூட அவர் பெயரில் இல்லை. 25 வயது நிறைவதற்குள் அவர் ஆடிய கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது.

இதை ஒரு தனிமனிதரின் தோல்வியாக எழுதி முடிப்பது எளிது. அமெரிக்க விளையாட்டு உலகம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு பெரிய நம்பிக்கையை அவர்மேல் வைக்கச் செய்தது எது? அதற்கான விடையில் பெரும்பங்கு ‘கம்பைன்’ என்னும் உடற்திறன் சோதனை முகாமுக்கு உண்டு. அந்த முகாமின் நன்மைகளையும் குறைகளையும் நேர்மையாக எடைபோட கோல்ஸ்டனின் குறுகிய தொழில்வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

முகாமில் நடப்பது

தேசியக் கால்பந்து லீக்கின் இந்த முகாம் 1982இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் சிறிய அளவில் தொடங்கியது. 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடந்துவருகிறது. கல்லூரி ஆட்டத்தை முடித்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிப்ரவரி கடைசியில் அங்கே வந்து சேருகிறார்கள். அவர்களுடைய உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கப்படுகின்றன. பிறகு 40 யார்டு, அதாவது ஏறக்குறைய முப்பத்தாறரை மீட்டர், நேர் ஓட்டம். 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை மல்லாந்து படுத்தபடி எத்தனை முறை தூக்க முடியும் என்ற சோதனை. நின்ற இடத்திலிருந்து மேலே தாவுவது, முன்னே தாவுவது. மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுவது. கூடவே மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் அங்கே வந்த கோல்ஸ்டன் ஆறடி மூன்று அங்குல உயரம், 120 கிலோ எடை. 102 கிலோ எடையை 37 முறை தூக்கினார். பெரும்பாலான நேரம் எதிராளியைத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட, அவரைவிட மிகக் கனமான தடுப்பாளர்களுக்கே அரிதாக வாய்க்கும் எண்ணிக்கை அது. அந்த உடலோடு 40 யார்டை 4.7 நொடிக்குள் ஓடினார். நின்ற இடத்திலிருந்து முப்பத்தைந்தரை அங்குலம் மேலே தாவினார். பலம், வேகம், துள்ளல் மூன்றும் ஒரே உடலில் இப்படிச் சேர்வது அபூர்வம். அணிகள் மயங்கியதில் வியப்பில்லை.

அவர் வெறும் சோதனைக்கூட வீரரும் அல்ல. 2007 பருவத்தில் 14 சாக் எடுத்து ஒஹாயோ ஸ்டேட்டின் ஒரு பருவச் சாதனையைப் படைத்தவர். அந்த எண்ணைத் தாண்ட 2019இல் சேஸ் யங் வர வேண்டியிருந்தது. பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிராக, அடுத்த டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்படவிருந்த ஜேக் லாங்கையே தாண்டிச் சென்று குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். ஆனால் சில ஆட்டங்களில் ஆளே தெரியாமல் போய்விடுகிறார் என்ற முணுமுணுப்பும் அப்போதே இருந்தது. அந்த ஐயத்தின் குரலை அமுக்கிவிட்டதுதான் கம்பைன் எண்கள் செய்த வேலை.

நன்மைகள்

முகாமை ஒரேயடியாகத் தூற்றுவது நியாயமாகாது. அது பிறந்ததற்கு முதன்மைக் காரணம் மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு அணியும் தனித்தனியாக ஆட்டக்காரர்களை வரவழைத்து முழங்காலையும் தோளையும் இதயத்தையும் சோதிப்பதற்குப் பதில், எல்லா அணிகளின் மருத்துவர்களும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். அணிக்குச் செலவு மிச்சம். ஆட்டக்காரருக்கோ, தனக்கே தெரியாத குறையைத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு. இந்த ஒன்றுக்காகவே முகாம் தொடரலாம்.

இரண்டாவது, பொது அளவுகோல். கல்லூரிக் கால்பந்தில் எல்லோரும் ஒரே தரமான எதிரிகளோடு மோதுவதில்லை. பெரிய பல்கலைக்கழகத்தின் வீரரைத் தொலைக்காட்சி வாராவாரம் காட்டும். சிறிய கல்லூரியின் வீரரைக் காண்பார் இல்லை. அவர் எடுத்த சாக்குகளை, எளிய எதிரிகளுக்கு எதிராக எடுத்தவை என்று தள்ளிவிடுவதும் வழக்கம். அப்படிப்பட்டவருக்கு ஓட்டக் கடிகாரம் ஒரு நடுநிலையான சாட்சி. டிராய் பல்கலைக்கழகத்தில் ஆடிய டிமார்கஸ் வேரை 2005இல் டல்லாஸ் அணி பதினோராவதாக எடுத்தது. அவருடைய கம்பைன் எண்களும் சிறப்பானவைதான். அவர் 138.5 சாக் எடுத்து, தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அளவுகோல் இல்லையென்றால், சிறிய கல்லூரிப் பெயரே இப்படிப்பட்ட பலரின் வழியை அடைத்திருக்கும்.

மூன்றாவது, உடலின் கீழ் எல்லையை அது காட்டுகிறது. இந்த விளையாட்டு மனவுறுதியால் மட்டும் ஆடக்கூடியது அல்ல. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருப்பவர் எவ்வளவு புத்திசாலியானாலும் அந்த மட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தக் கோட்டை யார் தாண்டுகிறார், யார் தாண்டவில்லை என்று சொல்ல எண்களால் முடியும்.

குறைகள்

கோட்டைத் தாண்டியவர் என்ன செய்வார் என்று சொல்லத்தான் எண்களால் முடிவதில்லை. கம்பைனின் முதல் குறை அங்கே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சாக் எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பந்து அசைந்த கணத்தில் கிளம்ப வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் போயிற்று. எதிரே நிற்கும் தடுப்பாளர் 140 கிலோ எடையுள்ளவர். பின்வாங்கிக்கொண்டே இரண்டு கைகளாலும் மார்பில் குத்தி நிறுத்துவார். அந்தக் கைகள் படுவதற்குமுன் தட்டிவிட வேண்டும். தோளைத் தாழ்த்தி, இடுப்பை வளைத்து, அவருடைய வெளிப்பக்கத்தைச் சுற்ற வேண்டும். அவர் வெளிப்பக்கம் சாய்ந்தால் அதே கணத்தில் உள்ளே வெட்டித் திரும்ப வேண்டும். முதல் உத்தி பலிக்கவில்லை என்றால் இரண்டாவது தயாராக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கிடைக்கும் நேரம் இரண்டரை, மூன்று நொடி.

இதில் மல்லாந்து படுத்து எடை தூக்கும் சோதனைக்கு எங்கே இடம்? ஆட்டத்தில் பலம் காலிலிருந்து இடுப்பு வழியாகக் கைக்கு வருகிறது. பெஞ்சில் படுத்தவருக்குக் கால் கிட்டத்தட்ட வேலையற்றது. லைன்பேக்கர் ஒருவர் நேர்கோட்டில் 40 யார்டு ஓட வேண்டிய தருணம் ஓர் ஆட்டத்தில் அரிது. முதல் சில அடிகள்தான் அவருக்கு வாழ்வும் சாவும். வளைந்து ஓடும் மூன்று கூம்புச் சோதனை ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் பத்திரிகைத் தலைப்பைப் பிடிப்பவை ஓட்ட நேரமும் எடை தூக்கலும்தான். எதிராளி இல்லாத இடத்தில் எடுத்த அளவு, எதிராளியைப் படிக்கும் திறனைச் சொல்லாது. கோல்ஸ்டன்மேல் வைக்கப்பட்ட விமர்சனமும் இதுவே: முதல் மோதலில் வேகமும் பலமும் தடுக்கப்பட்டால், அடுத்த உத்தி அவரிடம் இல்லை. நல்ல சாரீரம் வாய்த்தவர் எல்லோராலும் கச்சேரி செய்துவிட முடியாது என்பது நாம் அறியாததல்ல.

இரண்டாவது குறை, சோதனைக்காகவே தயாராவது. 1995இல் பாஸ்டன் காலேஜின் மைக் மமுலா, கம்பைன் சோதனைகளையே குறிவைத்துப் பயிற்சி எடுத்து வந்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய எண்களைக் கண்ட பிலடெல்பியா அணி, டிராஃப்ட் வாய்ப்புகளை டாம்பா பே அணிக்கு விட்டுக்கொடுத்து, முன்னேறி வந்து அவரை ஏழாவதாக எடுத்தது. மமுலா ஐந்து பருவங்கள் ஆடி 31.5 சாக் எடுத்தார். மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் டாம்பா பே தன்னிடம் வந்த பன்னிரண்டாவது வாய்ப்பில் வாரன் சாப்பை எடுத்தது. அதே டிராஃப்டில், பரிமாற்றத்தில் கிடைத்த பலத்தைக்கொண்டு டெரிக் புரூக்ஸையும் எடுத்தது. இருவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். இன்று முன்னணி வீரர்கள் எல்லோரும் வாரக்கணக்கில் தனிப் பயிற்சி எடுத்துத்தான் முகாமுக்கு வருகிறார்கள். ஆகவே கடிகாரம் அளப்பதில் ஒரு பகுதி இயல்பான திறன். இன்னொரு பகுதி தேர்வுக்கான தயாரிப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது.

மூன்றாவது குறை மனித மாண்பு சார்ந்தது. அரை உடையோடு இளைஞர்கள் வரிசையாக மேடையேற, வாங்க வந்தவர்கள் கீழே அமர்ந்து குறிப்பெடுக்கிறார்கள். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அணி உரிமையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். முன்னாள் ஆட்டக்காரரும் லீக்கின் உயர் நிர்வாகியுமான ட்ராய் வின்சென்ட்டே இதை அடிமை ஏலத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். நீண்ட காலம் நடந்த ‘வொண்டர்லிக்’ அறிவுத் தேர்வை 2022இல் லீக் கைவிட்டது. நேர்காணலில் கண்ணியமற்ற கேள்வி கேட்கும் அணிகளுக்குத் தண்டனை உண்டு என்றும் அதே ஆண்டு எச்சரித்தது. இவை நல்ல மாற்றங்கள், ஆனால் போதாதவை.

பழி யாருடையது?

கோல்ஸ்டன் கல்லூரியில் ஆடியது டிஃபென்ஸிவ் எண்ட் இடத்தில். தரையில் கை ஊன்றி, பந்து அசைந்ததும் முன்னே பாய்வதுதான் அங்கே அவருக்குப் பெரும்பாலும் வேலை. ஜெட்ஸ் ஆடியது முன்வரிசையில் மூன்று பேரும் அவர்களோடு நான்கு லைன்பேக்கர்களும் கொண்ட அமைப்பு. அதில் அவரை வெளிப்புற லைன்பேக்கராக எழுந்து நிற்கவைத்தார்கள். நின்றபடி ஆட்டத்தைப் படிக்க வேண்டும். ஓட்டமா, எறிதலா என்று கணிக்க வேண்டும். சில நேரம் பின்னே ஓடிப்போய்ப் பந்து பிடிப்பவரைக் காக்க வேண்டும். கல்லூரிப் பதிவுகளில் அவர் அதிகம் செய்து காட்டாத வேலை இது. ‘இப்படிப்பட்ட உடல் இருந்தால் எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம்’ என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், அந்த வேலைக்கு ஆறாவது இடத்தில் அவரை எடுத்திருக்க மாட்டார்கள். உத்தரவாதத் தொகையாக மட்டும் இரண்டு கோடி டாலருக்குமேல் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

முதல் பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் எரிக் மாஞ்சினி நீக்கப்பட்டார். ரெக்ஸ் ரையன் வந்தார். புதிய பயிற்சியாளர், புதிய எதிர்பார்ப்பு, பிறகு மறுபடியும் இடமாற்றம். இவை எல்லாம் அவருக்கு எதிராக நின்றன. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: ரையனின் கீழ் ஜெட்ஸின் தடுப்பாட்டம் லீக்கின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அணி இரண்டு பருவங்கள் தொடர்ந்து லீக்கில் தன் பிரிவின் இறுதி ஆட்டம்வரை சென்றது. அப்படியொரு கூட்டத்தின் நடுவே ஆடியும் ஒரு சாக் வரவில்லை. அவரிடமும் குறை இருந்தது. 2011இல் சிகாகோவும் 2012இல் செயின்ட் லூயிஸும் வாய்ப்பு கொடுத்தன. இரண்டு இடத்திலும் பருவம் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார்.

அதே 2008 டிராஃப்டில் என்ன இருந்தது என்று பார்ப்போம். நான்கு இடம் பின்னால் நியூ இங்கிலாந்து எடுத்த லைன்பேக்கர் ஜெராட் மேயோ அந்த ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் ஆனார். கம்பைனில் 40 யார்டை ஓட ஐந்து நொடிக்குமேல் எடுத்த கலாய்ஸ் காம்ப்பெல் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். பின்னாளில் நூறு சாக்குகளைக் கடந்தார். அந்த டிராஃப்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரிப் பருவம் ஒன்றில் 24 சாக் எடுத்திருந்த டெரல் சக்ஸ் மெதுவாக ஓடினார் என்று முகம் சுளித்தவர்கள் பலர். பால்ட்டிமோர் அவரைப் பத்தாவதாக எடுத்தது. அவர் 139 சாக் எடுத்தார். வேரின் கதையும் இவர்களுடைய கதையும் முரண்படவில்லை. களத்தில் கண்டதை எண் உறுதிசெய்தபோது முடிவு சரியாக இருந்தது. களத்தில் கண்டதை எண் மறுத்தபோது, களத்தை நம்பியவர்களே பெரும்பாலும் வென்றார்கள்.

செய்ய வேண்டியது

கம்பைனை ஒழிக்க வேண்டியதில்லை. அதற்கு உரிய இடத்தில் வைக்க வேண்டும். தேர்வாளர் முதலில் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, தன் தீர்ப்பைக் கையெழுத்திட்டு எழுதிவைக்கட்டும். அதன் பிறகே எண்களைப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில், பழைய தீர்ப்பைத் திருத்தாமல் திரும்பவும் பதிவுகளுக்குப் போகட்டும். எண் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. மல்லாந்து எடை தூக்கும் சோதனையைக் கைவிட்டு, எதிராளியோடு மோதும் பயிற்சிகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். ஓர் ஆட்டக்காரரை எடுக்கும் முன்பே, தன் அமைப்பில் அவருக்கு என்ன வேலை, அதைக் கற்றுக்கொடுக்கப்போவது யார் என்று அணி பதில் எழுதியாக வேண்டும்.

கோல்ஸ்டனின் பெயர் இன்றும் ஏமாற்றங்களின் பட்டியலில் வருகிறது. அவர் 37 முறை எடை தூக்கியதில் பொய் இல்லை. ஓடிய ஓட்டத்தில் பொய் இல்லை. முகாமில் கேட்டதை எல்லாம் அவர் செய்து காட்டினார். களத்தில் தேவைப்பட்டதை அந்த முகாம் கேட்கவே இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை எழுதுபவர்கள் அவர் பெயருக்குமேல், அவரைத் தேர்ந்தெடுத்த முறையின் பெயரையும் எழுத வேண்டும்.