ஃப்ரண்ட் 242: மின்னிசைக்கு ஓர் உடல்

மின்னணு இசைக் கச்சேரி என்றதும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுண்டு: தாளமும் பேஸும் இயந்திரமே வாசிக்கிறது, பிறகு மேடையில் ஆட்களுக்கு என்ன வேலை? பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 குழு இதற்கு மேடையிலேயே பதில் சொன்னது.

1981இல் டேனியல் பிரெசானுட்டியும் டிர்க் பெர்கனும் தொடங்கிய குழு இது. பேட்ரிக் கொடெனிஸ், ஜான்-லுக் டி மேயர், ரிச்சர்ட் 23 மூவரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். த்ராபிங் கிரிஸ்டில் போன்ற இண்டஸ்ட்ரியல் இசை முன்னோடிகள் இரைச்சலால் கேட்பவரைத் தாக்கினார்கள். மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க் மேடையில் அசையாமல் நின்றது. ஃப்ரண்ட் 242 குழுவினர் அந்த இரைச்சலின் கடுமையைக் குறைக்காமலே அதை ஆடவைக்கும் தாளத்தில் கட்டி, தங்கள் இசையை 'எலக்ட்ரானிக் பாடி மியூசிக்' என்று அழைத்தார்கள்.

கச்சேரிப் பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரு பாடகர்களுக்கு இடையில் நடப்பதைத்தான். டி மேயர் கறுப்புக் கண்ணாடியோடு விறைத்து நிற்பார். கனத்த குரலில் ஒவ்வொரு சொல்லும் உத்தரவு போல விழும். ரிச்சர்ட் 23 ஒரு நொடி நிற்கமாட்டார். மேடையின் குறுக்கே ஓடுவார், குதிப்பார், டி மேயர் முடிக்கும் சொல்லைப் பாய்ந்து பிடித்துக் கத்துவார். இயந்திரத்துக்கு அடங்கிய உடல் ஒன்று, அடங்க மறுக்கும் உடல் மற்றொன்று. பிரெசானுட்டியோ மேடையிலேயே இருக்கமாட்டார். கூட்டத்துக்கு நடுவே மிக்ஸிங் மேசையில் நின்று ஒலியைச் செதுக்குவார். குழுவைத் தொடங்கியவரே ரசிகர் காதுக்கு எது போய்ச் சேருகிறது என்று காவல் நிற்பதை வேறெங்கும் நான் அதிகம் கண்டதில்லை.

1988இல் வந்த 'ஹெட்ஹன்டர்' இவர்களுடைய உச்சம். பேஸ் வரி விசைத்தறி மாதிரி இடைவிடாமல் ஓடும். பல்லவி ஒன்று முதல் நான்கு வரை எண்ணிச் செல்ல, அரங்கமே விரல் உயர்த்திக் கூடவே எண்ணும். 1998இன் 'ரீபூட்' நேரடிப் பதிவில் இதையும் மற்ற பழைய பாடல்களையும் பிரித்துப்போட்டு, அன்றைய டெக்னோ வேகத்தில் புதிதாகக் கட்டினார்கள். எல்லாமே தேறின என்று சொல்லமாட்டேன். அடிக்கும் அடிக்கும் நடுவே இருந்த வெற்றிடம்தான் பழைய பாடல்களின் மிரட்டல். சில இடங்களில் வேகம் அதைத் தின்றுவிட்டது. ஆனாலும் சொந்த வெற்றிப் பாடலையே இப்படிக் கலைத்துப் போடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

2003இன் 'பல்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு புதிய ஸ்டுடியோ ஆல்பம் கிடையாது. அதன்பின் 2025 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸின் ஆன்சியென் பெல்ஜிக் அரங்கில் விடைபெறும்வரை, குழுவை வாழவைத்தது மேடைதான்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஃப்ரண்ட் பை ஃப்ரண்ட்' ஆல்பத்தின் 'ஹெட்ஹன்டரை' முதலில் கேளுங்கள், உடனே 'ரீபூட்' வடிவத்தையும் போடுங்கள். ஹெட்போன் வேண்டாம். நல்ல ஸ்பீக்கரில், சத்தமாக, எழுந்து நின்று.